புகை வந்த வழி தெரியும், நிலம் எவருடையது?

2019 செப்டெம்பரில் மலேசியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் இடையே ஒரு வாய்த்தர்க்கம் மூண்டது. சரவாக்கிலும் தீபகற்ப மலேசியாவிலும் புகைமூட்டத்தால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த வேளை அது. புகை முழுவதும் தமது நாட்டிலிருந்து சென்றதல்ல என்றார் இந்தோனேசியச் சுற்றாடல் அமைச்சர் சித்தி நூர்பாயா. மலேசிய அமைச்சர் இயோ பீ யின், சிங்கப்பூரில் இயங்கும் ஆசியான் சிறப்பு வானிலை நிலையத்தின் செய்மதிக் கணக்கை எடுத்து நீட்டினார்: கலிமந்தானில் 474 வெப்பப் புள்ளிகள், சுமாத்திராவில் 387, மலேசியாவில் வெறும் 7. தரவுகளே பேசட்டும் என்றார் அவர். அத்துடன் வழக்கு முடிந்ததாகவே பெரும்பாலான செய்திகள் எழுதப்பட்டன.

செய்மதி சொல்வதை நான் ஐயுறவில்லை. ஆனால் அது எதைச் சொல்கிறது என்பதில் எம் தொழிலைச் சேர்ந்தோர் கவனமாக இருத்தல் வேண்டும். வெப்பப் புள்ளி என்பது ஒரு தீயன்று. தரையின் ஒரு சதுரத்திலிருந்து வழமைக்கு மாறான அகச்சிவப்புக் கதிர்வீச்சு வந்தது என்பதே அதன் பொருள். டெரா, அக்குவா செய்மதிகளின் கருவியில் அச்சதுரம் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் பக்கமுடையது. ஒரே பெருந்தீ பல புள்ளிகளாகத் தெரியலாம். மறுபுறம், அந்நாட்டின் சதுப்பு நிலங்களில் பல மீற்றர் ஆழத்துக்குப் படிந்த உக்கிய தாவரம் நிலத்தடியிலே சுவாலையின்றிக் கனன்றுகொண்டிருக்கும். அதுவே மிகுதியான புகையைக் கக்குவது, அதுவே செய்மதியின் கண்ணுக்கு எளிதில் தப்புவது. புகை தடித்துவிட்டால் தன் கீழுள்ள தீயையும் மறைத்துவிடும்.

புகையின் பயணத்தை அறிவதற்கு ஜப்பானின் ஹிமவாரி-8 பெரிதும் உதவிற்று. நிலநடுக்கோட்டின் மேல் சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிலைகொண்டு, பத்து நிமிடங்களுக்கு ஒரு படம் அனுப்பிற்று. படங்களை வரிசையாக ஓட்டி, காற்றின் திசையோடு பொருத்தினால் புகை புறப்பட்ட இடம் துலங்கும். அந்தச் செப்டெம்பரில் ஜம்பியின் வானம் பட்டப்பகலில் செந்நிறமானபோது, இந்தோனேசிய வானிலைத் திணைக்களமே இச்செய்மதியின் படங்களைக் கொண்டுதான் விளக்கம் அளித்தது. அமைச்சர் மறுத்ததை அவரது அரசின் இன்னொரு திணைக்களம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

ஆயினும் அந்த 7 என்ற எண்ணில் மலேசியா மகிழ்வதற்கு அதிகமில்லை. தீப்பட்ட நிலங்களை இந்தோனேசியா முத்திரையிட்டு மூடியபோது, அவற்றுள் சில மலேசியத் தாய்நிறுவனங்களைச் சேர்ந்த செம்பனைத் தோட்டங்களாக இருந்தன. தீ வெளியிலிருந்து வந்தது என நிறுவனங்கள் மறுத்தன. இருக்கலாம். அதைத் தீர்ப்பதற்குப் புகைப்படம் போதாது, நில எல்லைப்படம் வேண்டும்.

சிங்கப்பூர் இதை முன்னரே உணர்ந்திருந்தது. எல்லை கடந்த புகை தொடர்பான அதன் 2014 ஆம் ஆண்டுச் சட்டம், செய்மதித் தரவையும் காற்றின் போக்கையும் கொண்டு புகையின் மூலத்தை ஊகிக்க நீதிமன்றத்துக்கு இடமளிக்கிறது. தீப்பட்ட நிலம் எந்த நிறுவனத்தினது என்பதற்கு அச்சட்டமும் வரைபடங்களையே நாடுகிறது. இந்தோனேசியாவிலோ, செம்பனைத் தோட்ட உரிமங்களின் விபரங்களை வெளியிடுமாறு 2017 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரும், உரிய அமைச்சு பல ஆண்டுகள் அவற்றை இறுகப் பற்றிக்கொண்டிருந்தது.

இவ்விரகசியத்தின் விலையை முதலில் செலுத்துவோர் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ உள்ளவர்களல்லர். 2015 இன் புகையால் இறந்தோர் 19 பேர் என்றது இந்தோனேசிய அரசு. ஹார்வர்ட், கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புகையின் பரவலைக் கணித்து, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட அகால மரணங்கள் என 2016 இல் மதிப்பிட்டனர். அவற்றுள் பத்தில் ஒன்பது இந்தோனேசியாவிலேயே. ஜகார்த்தா அம்மதிப்பீட்டை ஏற்கவில்லை. புகையை மறுப்பதால் கௌரவம் காக்கப்படும் நாடும், அப்புகையில் மூச்சுத் திணறும் நாடும் ஒன்றே என்பது இந்த எண்களில் தெரிகிறது.

2023 ஒக்டோபரில் நாடகம் மீண்டும் அரங்கேறிற்று. மலேசியா கடிதம் அனுப்பியது. எல்லை தாண்டிப் புகை செல்லவில்லை என்றார் அதே சித்தி நூர்பாயா. நான் வாசித்த செய்திகளில் இரு தரப்பின் கூற்றுகளும் வெப்பப் புள்ளிகளும் இருந்தன. அப்புள்ளிகள் எவருடைய தோட்டத்தில் விழுந்தன என்ற கேள்வி மாத்திரம் இருக்கவில்லை.