திரைக்குப் பின்னாடி வாசிச்சா மட்டும் போதுமா? இசைக் கலைஞர்கள் சங்கத்திடமிருந்து ஒரு பாடம்!

ஒரு இன்டர்வியூவுக்குப் போறீங்க. உங்க பேர், முகம், நிறம் எதுவும் எதிரே இருப்பவர்களுக்குத் தெரியாது. உங்க வேலையை மட்டும் வெச்சு முடிவெடுக்கிறாங்க. கேட்கவே நல்லா இருக்குல்ல?

அமெரிக்காவின் பெரிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராக்களில் பல வருடங்களாக ஆடிஷன் இப்படித்தான் நடக்கிறது. நடுவில் ஒரு திரை. அந்தப் பக்கம் வாசிப்பவர், இந்தப் பக்கம் நடுவர்கள். காதில் விழும் இசைக்கு மட்டும்தான் மார்க்.

பலன் கிடைத்ததா? பெண்கள் விஷயத்தில் மாற்றம் பெரிது. 1970-ல் அங்கே முன்னணியில் இருந்த ஐந்து ஆர்க்கெஸ்ட்ராக்களில் பெண்கள் 5 சதவிகிதம்கூட இல்லை. 2022-ல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கில் பெண்கள் 45 பேர், ஆண்கள் 44 பேர்! இதில் திரையின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள் விவாதம் இருக்கிறது. ஆனால், மாற்றம் நடந்தது நிஜம்.

இப்போ இன்னொரு கணக்கைப் பாருங்க. அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ராக்களில் கறுப்பினக் கலைஞர்கள் 2014-ல் 1.8 சதவிகிதம். 2023-ல் வெளியான அறிக்கையில் 2.4 சதவிகிதம். திரை அதே திரைதானே? அப்போ சிக்கல் எங்கே?

ஒரே ஊர், ரெண்டு சங்கம்

அமெரிக்க இசைக் கலைஞர்கள் கூட்டமைப்பு 1896-ல் தொடங்கிய தொழிற்சங்கம். சம்பளத்துக்கும் வேலை நேரத்துக்கும் போராடிய இந்தச் சங்கத்திலேயே, பல நகரங்களில் வெள்ளையர்களுக்கு ஒரு கிளை, கறுப்பினத்தவருக்குத் தனிக் கிளை என்றுதான் இருந்தது. லாஸ் ஏஞ்சலஸில் 47-ம் எண் கிளை வெள்ளையர்களுக்கு, 767-ம் எண் கிளை கறுப்பினத்தவருக்கு. சினிமா ஸ்டூடியோ, ரேடியோ என நல்ல காசு வரும் வேலையெல்லாம் 47-க்குத்தான் போகும்.

பட்டி கொலெட், சார்லஸ் மிங்கஸ், மார்ல் யங் போன்ற கலைஞர்கள் இதை எதிர்த்தார்கள். இரு தரப்பினரும் கலந்து வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ராவை உருவாக்கினார்கள். சங்கத் தேர்தலில் ஆதரவு திரட்டினார்கள். 1953-ல் இரண்டு கிளைகளும் ஒன்றாகின.

சுபம் போடலாமா? அவசரப்படாதீங்க.

ஃபிலடெல்ஃபியாவில் கதை வேற மாதிரி போச்சு. ஜான் கோல்ட்ரேன், டிஸ்ஸி கில்லஸ்பி போன்ற ஜாம்பவான்கள் உறுப்பினராக இருந்த 274-ம் எண் கறுப்பினக் கிளை, இணைப்புக்குச் சம்மதிக்கவில்லை. பெரிய கிளையோடு சேர்ந்தால் தங்கள் குரல் கரைந்துபோகும் என்ற பயம். 1971-ல் அந்தக் கிளையின் அங்கீகாரமே ரத்து செய்யப்பட்டது. உள்ளே வரச் சொல்வது வேற, முடிவெடுக்கும் மேஜையில் நாற்காலி போடுவது வேற. இந்த வித்தியாசத்தைக் கவனிச்சீங்களா?

யாருக்கு போன் வருது?

1969-ல் ஆர்தர் டேவிஸ், ஏர்ல் மேடிசன் என்ற இரண்டு கறுப்பினக் கலைஞர்கள் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் மீது புகார் கொடுத்தார்கள். விசாரித்த மனித உரிமை ஆணையம், நிரந்தர வேலைக்கு ஆள் எடுத்ததில் பாகுபாடு நிரூபணமாகவில்லை என்றது. ஆனால், தற்காலிகமாக மாற்றுக் கலைஞர்களை அழைப்பதில் பாகுபாடு இருந்தது என்று சொன்னது.

முக்கியமான பாயின்ட் இதுதான். ஒரு வயலின் கலைஞருக்குக் காய்ச்சல் என்றால், அன்று இரவு அவர் இடத்தில் வாசிக்க யாரைக் கூப்பிடுவார்கள்? தெரிஞ்சவரை. தெரிஞ்சவருக்குத் தெரிஞ்சவரை. அதற்குத் திரையும் கிடையாது, ஆடிஷனும் கிடையாது. ஆனால் அனுபவமும் அறிமுகமும் அங்கேதான் கிடைக்கும்.

செலவும் இருக்கு. ஆடிஷனுக்குப் பெரும்பாலும் சொந்தக் காசில்தான் போகணும். செல்லோ வாசிப்பவர் விமானத்தில் போனால், அந்த செல்லோவுக்கும் தனியாக ஒரு சீட் டிக்கெட் வாங்கணும்! வேலை கிடைத்த பிறகும் சோதனைக் காலம் உண்டு. நிரந்தரமாக்கலாமா என்று சக கலைஞர்களும் நடத்துநரும் முடிவெடுக்கும்போது திரை இருக்காது.

இப்போ ஏன் இது முக்கியம்?

2025 ஜனவரியில் பதவியேற்றதும், அரசு அமைப்புகளில் பன்முகத்தன்மைத் திட்டங்களை நிறுத்தும் உத்தரவுகளில் ட்ரம்ப் கையெழுத்திட்டார். அதைத் தொடர்ந்து, ஆடிஷனில் தேர்வான வெள்ளையரல்லாத மாணவர்களோடு அமெரிக்க மரீன் பேண்டு சேர்ந்து வாசிக்கவிருந்த கச்சேரி ரத்தானது. பிறகு, ராணுவ பேண்டுகளில் இருந்து ஓய்வுபெற்ற கலைஞர்கள் திரண்டு வந்து அந்த மாணவர்களோடு வாசித்தார்கள்.

நெகிழ்ச்சியான சம்பவம்தான். ஆனால், ஒரு கையெழுத்தில் வந்தது இன்னொரு கையெழுத்தில் போய்விடும் என்பதையும் இது காட்டுகிறது. சங்கம் பேசி வாங்கும் வேலை ஒப்பந்தம் அப்படி இல்லை. அதை ஒரு தரப்பு மட்டும் நினைத்தவுடன் கிழித்துப்போட முடியாது.

அதனால், சங்கங்கள் பன்முகத்தன்மை பற்றி அறிக்கை விடுவதோடு நிறுத்தாமல், அதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கணும். கடைசிச் சுற்று வரை திரை. மாற்றுக் கலைஞர்கள் பட்டியலுக்கும் ஆடிஷன். ஒருவரை நிரந்தரமாக்கவில்லை என்றால், எழுத்தில் காரணம். நிர்வாகக் குழுவில் எல்லோருக்கும் இடம். திறமைக்கு எதிரான கோரிக்கை எதுவும் இதில் இல்லை. திறமையைக் கடைசி வரைக்கும் காது கொடுத்துக் கேளுங்கள் என்பதுதான் கோரிக்கை.

நீங்க ஐ.டி-யில் இருக்கலாம், கல்லூரியில் கல்ச்சுரல் டீம் நடத்தலாம். அடுத்த முறை அவசரமா ஒரு ஆள் தேவைப்படும்போது, உங்க விரல் முதலில் யார் நம்பரைத் தேடுதுன்னு ஒரு நிமிஷம் பாருங்க. ஒவ்வொரு முறையும் அதே நாலு பேர்தானா?