கூந்தல் கயிறும் பொன் மாளிகையும்

கியோட்டோவைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஆயிரம் வருஷத்துப் பழைய நகரத்தைப் பார்க்கப் போகிறோம் என்று மனத்துக்குள் ஒரு சித்திரம் எழுதி வைத்துக்கொண்டு ரயிலை விட்டு இறங்குகிறவர்களுக்கு, முதலில் கிடைப்பது ஒரு திகைப்பு. எதிரே ஆலயமும் இல்லை, செர்ரி மரமும் இல்லை. கண்ணாடியும் இரும்புமாக ஒரு மலை நிற்கிறது! 1997ல் திறந்த ரயில்வே ஸ்டேஷன் அது. தப்பான ஊரில் இறங்கிவிட்டோமோ என்று டிக்கெட்டை எடுத்து இன்னொரு தரம் பார்க்கத் தோன்றும்.

ஊர் சரியான ஊர்தான். 794ல் கம்மு என்ற சக்கரவர்த்தி, சீனத்துத் தலைநகரான சாங்கானைப் பார்த்து, சதுரங்கப் பலகை போல வீதிகளை வகுத்து நிர்மாணித்த ராஜதானி. 1869ல் சக்கரவர்த்தி டோக்கியோவில் குடியேறும் வரையில் அதற்கு அந்தப் பெருமை இருந்தது. இன்றைக்கும் சுமார் 1,600 புத்த ஆலயங்களும், 400 ஷிண்டோ ஆலயங்களும் இருப்பதாகக் கணக்குச் சொல்கிறார்கள். நாளைக்கு ஒன்று என்று பார்த்தாலும் ஐந்து வருஷம் போதாது. நாம் பார்க்கப் போவது ஏழெட்டுத்தான்.

ஆலயத்துக்கு ஆலயம் யாத்திரிகர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இது எப்போது கட்டியது?" ஒரு பழைய வருஷத்தைச் சொல்வார் வழிகாட்டி. நம்மவர் முகம் மலரும். உடனே அடுத்த வாக்கியம் வரும்: "அது எரிந்துவிட்டது. இது அப்புறம் கட்டியது." மலர்ந்த முகம் சுருங்கிவிடும். ஏதோ அசல் பட்டு என்று வாங்கியது செயற்கைப் பட்டு என்று தெரிந்தாற்போல ஒரு ஏமாற்றம்! மரத்தால் கட்டிய ஊர். 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் யுத்தத்தில் நகரத்தின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. அதற்கு முன்பும் எரிந்தது, பின்பும் எரிந்தது. எரியாத கட்டடத்தை மட்டும்தான் பார்ப்பேன் என்று ஒருவர் விரதம் பூண்டால், அவர் அதிகம் நடக்க வேண்டியிராது.

ஆனால் அந்த ஏமாற்றம் அவசியமா? ஸ்டேஷனிலிருந்து வடக்கே பத்து நிமிஷம் நடந்து, ஹிகாஷி ஹொங்கான்ஜி என்ற பெரிய ஆலயத்துக்குள் நுழைந்து பாருங்கள்.

1788லிருந்து 1864க்குள் நான்கு தடவை தீக்கிரையான ஆலயம் இது. நாலாவது தடவையும் எரிந்த பிறகு, 1880ல் திருப்பணி ஆரம்பமாயிற்று. உலகத்திலுள்ள மிகப் பெரிய மரக் கட்டடங்களில் ஒன்று எழும்ப வேண்டும். அதற்குத் தகுந்த ராட்சஸ மரங்களை மலைகளில் வெட்டி இழுத்து வரவேண்டும். சாதாரணச் சணல் கயிறு பளு தாங்காமல் அறுந்தது. ஜப்பானின் பல பாகங்களிலிருந்தும் பக்தைகள் தங்கள் கூந்தலை அறுத்து அனுப்பினார்கள். அந்தக் கூந்தலைச் சணலோடு சேர்த்துத் திரித்துக் கயிறு முறுக்கினார்கள். 53 கயிறுகள்! 1895ல் ஆலயம் எழுந்து நின்றது. அவற்றில் ஒரு கயிற்றை, 69 மீட்டர் நீளமுள்ளதை, பாம்பு சுருண்டாற்போல் சுருட்டிப் பாதுகாத்து வருகிறார்கள். அதன் எடை 375 கிலோ.

முடி காணிக்கை என்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் நாம் கொடுக்கும் முடி நம்மை விட்டுப் போனதும் எங்கேயோ போய்விடுகிறது. இங்கே அது மலையிலிருந்து தூணை இழுத்து வந்திருக்கிறது. ஜப்பானியப் பெண்கள் அந்தக் காலத்தில் கூந்தலை எவ்வளவு அருமையாகப் போற்றினார்கள் என்பது அவர்களுடைய பழைய சித்திரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கயிற்றை உற்றுப் பார்த்தால் கறுப்பு இழைகள் தெரிகின்றன. யார் யாருடைய முடியோ, ஒருத்தியின் பெயரும் அதில் இல்லை. இதைப் பார்த்துவிட்டு, "1895 கட்டடம்தானே? பழசு இல்லையே!" என்று ஒருவர் சொன்னால், அவரோடு எனக்குத் தகராறு உண்டு.

கிழக்குப் பக்கம் கொஞ்ச தூரம் போனால் சான்ஜூசான்கென்டோ. பெயரைச் சொல்லிப் பழகவே அரை நாள் வேண்டும். தூண்களுக்கு இடையே 33 கண்ணறைகள் உள்ள மண்டபம் என்று அர்த்தம். 1164ல் கட்டியது. வழக்கம் போல 1249ல் எரிந்தது. 1266ல் மறுபடி எழுந்தது. சுமார் 120 மீட்டர் நீளமுள்ள இந்த மண்டபத்தில், ஆயிரம் கைகள் உள்ள கன்னோன் விக்கிரகங்கள் 1,001 வரிசை வரிசையாக நிற்கின்றன. கன்னோன் என்பது நம் தேசத்து அவலோகிதேசுவரர்தான். தீப்பற்றிய அன்று, உயிரைப் பொருட்படுத்தாமல் உள்ளே ஓடி 124 விக்கிரகங்களை வெளியே கொண்டு வந்தார்கள். பாக்கியைச் சிற்பிகள் புதிதாகச் செதுக்கினார்கள். நடுவில் வீற்றிருக்கும் பெரிய கன்னோனை முடித்தபோது தலைமைச் சிற்பி டாங்கெய்க்கு வயது 82.

அந்த வரிசைக்கு முன்னால் காவல் நிற்கும் 28 தேவதைகளை மட்டும் நம்மவர்கள் அவசரப்படாமல் பார்க்க வேண்டும். இந்திரனும் பிரமனும் இருக்கிறார்கள். "கருரா" என்று எழுதியிருக்கும் பறவை முகத்தவர், குழல் ஊதிக்கொண்டு நிற்கிறவர், சாக்ஷாத் கருடாழ்வார்தான்! அயலூரில், பாஷை தெரியாத கூட்டத்தில், ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்தாற்போல இருக்கிறது.

கியோமிஸு ஆலயத்தை நான் நாலு வரியில் தாண்டிவிடப் போகிறேன். மலைச்சரிவில் 13 மீட்டர் உயரத்தில் மரக்கால்கள் மேல் நிற்கும் அதன் மேடை அபாரம்தான், 1633ல் கட்டியது. "கியோமிஸு மேடையிலிருந்து குதிப்பது" என்று, துணிந்து இறங்கும் காரியத்துக்கு ஜப்பானியர் பழமொழியே வைத்திருக்கிறார்கள். நிஜமாகவே வேண்டுதலுக்காகக் குதித்தவர்களும் உண்டு; முக்கால்வாசிப் பேருக்கு மேல் பிழைத்தார்களாம்! 1872ல் அரசாங்கம் அதைத் தடை செய்தது. இப்போது அங்கே குதிக்க இடமில்லை, அவ்வளவு கூட்டம். கூட்டத்தின் தொல்லை பொறுக்காமல், பக்கத்தில் கெய்ஷா மாதர்கள் இருக்கும் கியோன் பேட்டையில், தனியார் சந்துகளில் யாத்திரிகர் நுழையக் கூடாது என்று 2024ல் பலகை மாட்டிவிட்டார்கள். படம் பிடிக்கிறேன் என்று வழியை மறித்து, கிமோனோவைப் பிடித்து இழுத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஊருக்கு வடமேற்கே, குளத்தின் நடுவே தகதகவென்று ஜொலிக்கும் பொன் மாளிகையை நேயர்கள் காலண்டரிலாவது பார்த்திருப்பீர்கள். கின்காகு-ஜி என்று வழங்கினாலும், அதன் நிஜப் பெயர் ரோகுவொன்-ஜி. "மான் வனத்து ஆலயம்" என்று பொருள். புத்தர் பிரான் முதல் உபதேசம் செய்த சாரநாத்தின் மான் வனம்தான் அது! தேசத்தை உண்மையில் ஆண்ட ஷோகன்களில் ஒருவரான யோஷிமிட்ஸு, 1397ல் தமக்கு மாளிகையாக ஆரம்பித்தது, அவர் காலத்துக்குப் பின் ஆலயமாயிற்று.

ஓனின் யுத்தத்தில்கூடத் தப்பி நின்ற மாளிகை இது. உலக யுத்தத்திலும் தப்பியது. 1945ல் அணுகுண்டு போடுவதற்குப் பொறுக்கி வைத்த நகரங்களின் ஜாபிதாவில் கியோட்டோவின் பெயர் இருந்தது. அமெரிக்க யுத்த மந்திரி ஸ்டிம்ஸன் பிடிவாதமாக அதை அடித்தார். அவர் தேனிலவுக்கு வந்த ஊர், அதனால்தான் இரக்கப்பட்டார் என்று ஒரு கதை உலாவுகிறது. அவருக்குக் கல்யாணமானது 1893ல். கியோட்டோவைப் பார்த்தது 1926ல். முப்பத்து மூன்று வருஷம் கழித்து யாரும் தேனிலவு போவதில்லை! கியோட்டோவின் பெயர் போன இடத்தில் நாகசாகியின் பெயர் ஏறியது. பொன் மாளிகையின் முன் நின்று "எப்படித் தப்பியது!" என்று வியக்கும்போது அதையும் நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடிவதில்லை.

அப்படித் தப்பிய மாளிகை ஐந்தே வருஷத்தில், 1950 ஜூலை 2ந் தேதி விடியுமுன், எரிந்து போயிற்று. வைத்தது அந்த ஆலயத்திலேயே பயின்று வந்த 21 வயது இளம் சந்நியாசி. மாளிகைக்குள் இருந்த யோஷிமிட்ஸுவின் மர உருவமும் போயிற்று. போலீஸாரிடம் வந்துவிட்டுத் திரும்பிய அவனுடைய தாயார், ரயிலிலிருந்து பள்ளத்தாக்கில் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டாள். இந்தச் சம்பவத்தை வைத்து மிஷிமா எழுதிய நாவல் 1956ல் வந்து உலகப் பிரசித்தி பெற்றது. நாவலில் இளைஞன்தான் கதாநாயகன். எனக்கென்னவோ அந்தத் தாயாரின் நினைவே முதலில் வருகிறது.

மெய்ஜி காலத்தில் மாளிகையைப் பிரித்துப் பழுது பார்த்தபோது வரைந்து வைத்த நுணுக்கமான படங்கள் கைவசம் இருந்தன. அவற்றைக் கொண்டு 1955ல் மறுபடி கட்டி முடித்தார்கள். பொன் தகடு சீக்கிரமே உரிய ஆரம்பித்ததால், 1987ல் ஐந்து மடங்கு கனமான தகடாக, சுமார் 20 கிலோ பொன்னில், திரும்பப் போர்த்தினார்கள். ஆக, நாம் பார்க்கும் பொன்னுக்கு வயது ஐம்பதுகூட இல்லை.

அங்கிருந்து இருபது நிமிஷ நடையில் ரியோவான்-ஜி. அங்கே உள்ள தோட்டத்தில் மரம் கிடையாது, பூ கிடையாது, தண்ணீர் கிடையாது! சுமார் 25 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள முற்றத்தில் வெள்ளைச் சரளை பரப்பி, 15 கற்களை ஐந்து கூட்டமாக வைத்திருக்கிறார்கள். கற்களின் அடியில் கொஞ்சம் பாசி. அவ்வளவுதான். தாழ்வாரத்தில் எந்த இடத்தில் உட்கார்ந்து எண்ணினாலும் ஒரு கல் இன்னொன்றின் பின்னால் மறைந்துவிடும். 14க்கு மேல் தெரியாது. எண்ணாதவர் இல்லை. தத்துவம் பேச வந்தவர்களும் முதலில் விரலை மடக்கத்தான் மடக்குகிறார்கள்.

யார் அமைத்தது? தெரியாது. பெரிய பெயர்கள் பலவற்றைச் சொல்வார்கள். ஆனால் ஒரு கல்லின் பின்புறத்தில் இரண்டு பெயர்கள் பொறித்திருக்கின்றன. அவர்கள் "காவாரமோனோ", அதாவது ஆற்றங்கரை மனிதர்கள் என்று கருதப்படுகிறது. வரி விதிக்காத ஆற்றுப் படுகையில் குடியிருந்து, தோல் பதனிடுவது போன்ற, தீட்டு என்று ஒதுக்கிய தொழில்களைச் செய்த ஜனங்கள் அவர்கள். ஊரார் வாசலில் நிறுத்தி வைத்த அந்த மனிதர்களைத்தான் மண் வெட்டவும் கல் நகர்த்தவும் ஷோகனின் தோட்டத்துக்குள் அழைத்தார்கள். வெட்டி வெட்டி, நகர்த்தி நகர்த்தி, கல்லை எங்கே வைத்தால் அழகு என்பதைப் பிரபுக்களைவிட அவர்கள் நன்றாகத் தெரிந்துகொண்டார்கள். அவர்களில் ஸென்னாமி என்பவர் ஷோகன் யோஷிமாசாவின் அபிமானத் தோட்டக் கலைஞர். அவர் நோயில் விழுந்தபோது ஷோகனே மருந்து அனுப்பி வைத்தார். தீட்டு என்று ஒதுக்கிய வழக்கம் மட்டும் அதனால் ஒழிந்துவிடவில்லை.

அந்த யோஷிமாசா, பொன் மாளிகை கட்டியவரின் பேரர். தாமும் ஒரு மாளிகை கட்ட ஆசைப்பட்டு 1482ல் ஆரம்பித்தார். வெள்ளி மாளிகை என்று அதற்குப் பெயர் வழங்குகிறது. வெள்ளி ஒரு குன்றிமணியும் கிடையாது. என்னைக் கேட்டால் பொன்னைவிட இதுவே மேல். அதன் முன்னால் மணலை ஆளுயரத்துக்கு, தலை தட்டிய கூம்பாகக் குவித்து, பக்கத்தில் அலை அலையாகக் கோடு கீறி வைத்திருக்கிறார்கள். மழை பெய்தால் கலையும். காற்று அடித்தால் கலையும். திரும்பத் திரும்பச் சீர் செய்கிறார்கள். வாசலில் தினம் கோலம் போடும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நேற்றுப் போட்ட கோலம் இன்று அழிந்துவிட்டதே என்று யார் அழுகிறார்கள்?

பாட்டனாரும் பேரரும் பார்த்து ஆசைப்பட்ட மூலத் தோட்டம், மேற்கே மலையடிவாரத்தில் உள்ள ஸைஹோ-ஜி. 1339ல் முஸோ என்ற ஸென் குரு திருத்தி அமைத்தது. இன்று அதைப் பாசி ஆலயம் என்கிறார்கள். நூற்றிருபது வகைப் பாசி, மரத்தடியெல்லாம் பச்சை வெல்வெட்டு விரித்தாற்போல. வேடிக்கை என்னவென்றால், முஸோ பாசி வளர்க்கவே இல்லை! ஆலயத்துக்கு வசதி குறைந்து, பராமரிப்பு இல்லாமல் கிடந்த காலத்தில் தானாக வந்து படர்ந்தது அது. வந்ததை அழிக்காமல் போற்ற ஆரம்பித்தார்கள்.

ஜனங்கள் திரள் திரளாக வந்து பாசி கெட ஆரம்பிக்கவே, 1977 முதல் முன்கூட்டி விண்ணப்பித்து அனுமதி பெற்றவர்களை மட்டும் விடுகிறார்கள். போனவுடன் தோட்டத்தைக் காட்டுவதில்லை. தூரிகையைக் கையில் கொடுத்து, சூத்திரம் ஒன்றைப் பிரதி செய்யச் சொல்கிறார்கள். எழுத்துத் தெரியாதவர் மங்கலாக அச்சிட்ட கோட்டின் மேலேயே எழுதலாம். அது முடிந்தால்தான் தோட்டம். உள்ளே, விழுந்த இலைகளை மூங்கில் துடைப்பத்தால் பாசி நோகாமல் பெருக்கிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கலாம். அவர்கள் ஒரு கோடியை முடிப்பதற்குள் மறு கோடியில் இலை விழுந்துகொண்டிருக்கிறது.