விருந்தினரும் இரண்டாவது கேள்வியும்

தேர்தல் நெருங்குந்தோறும் அமெரிக்காவின் பின்னிரவு நையாண்டி நிகழ்ச்சிகளில் அரசியல்வாதிகள் விருந்தினராக வந்து அமர்வதும், அவ்விதம் வந்தவருக்கு அக்கேலியினால் லாபமா நஷ்டமா என்று நையாண்டி எழுதும் நம் தொழிலைச் சேர்ந்தவர்கள் சர்ச்சை செய்வதும் வாடிக்கையாகிவிட்டன. பெரும்பாலும் லாபமே என்பது எமது அபிப்பிராயம். தம்மைப் பற்றிய பரிகாசத்தில் தாமே முந்திக்கொண்டு சேர்ந்துவிடுகிற ஒருவரை, அதன் பின் பரிகசிப்பதற்கு எழுத்தாளரிடம் மிஞ்சுவது சொற்பமே.

1968 செப்டம்பரில் ‘லாஃப்-இன்’ நிகழ்ச்சியில் ரிச்சர்டு நிக்சன் தோன்றியது சில விநாடிகள்தாம். அந்நிகழ்ச்சியில் வாரந்தோறும் ஒலித்த ஒரு வேடிக்கைத் தொடரை, வியப்புற்றவர்போலக் கேட்டுவிட்டு மறைந்தார். கோபம் தொனிக்காமல் அதைச் சொல்லவைக்கப் பல தடவை படம்பிடிக்க நேர்ந்ததாகத் தயாரிப்பாளர் ஜார்ஜ் ஷ்லாட்டர் பிற்காலத்தில் சொன்னார். நிகழ்ச்சியின் முக்கிய எழுத்தாளரான பால் கீஸ் நிக்சனின் நண்பர் என்பதையும் மறந்துவிடலாகாது. எதிர்வேட்பாளர் ஹம்ஃப்ரியும் அழைக்கப்பட்டார், அவர் வரவில்லை. 2016 செப்டம்பரில் தம் பின்னிரவு நிகழ்ச்சியில் ஜிம்மி ஃபாலன் டொனால்டு டிரம்பின் தலைமயிரைக் கையால் கலைத்து விளையாடியதும் இந்த வம்சாவளியைச் சேர்ந்ததே. அதற்காகப் பிற்பாடு வருந்தியவர் ஃபாலன், விருந்தினர் அல்லர்.

“நாங்கள் விதூஷகர்கள், எங்களிடம் பத்திரிகாதர்மத்தை எதிர்பார்க்கலாமா?” என்று கேட்போர் உளர். ஆனால் வேட்பாளர்களுக்குச் சம வாய்ப்பு அளிக்கக் கட்டளையிடும் 1934-ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டத்தின் 315-ஆம் பிரிவிலிருந்து மெய்யான செய்தி நேர்காணலுக்கு 1959-இல் விலக்குத் தரப்பட்டது. தேர்தலில் நின்ற ஆர்னால்டு ஸ்வார்ஸ்நெக்கர் ஜே லெனோவின் நிகழ்ச்சியில் தோன்றியது பற்றி 2006-இல் புகார் எழுந்தபோது, அந்த விலக்கே லெனோவைக் காப்பாற்றியது. சலுகைக்குச் செய்தியாளர், பொறுப்புக்குக் கோமாளி என்று இரண்டு வேஷம் கட்டுவது நியாயமாகாது.

வராத விருந்தினர் விஷயம் வேறு. பிரிட்டனில் 1993-இல் அரசியல்வாதி ராய் ஹேட்டர்ஸ்லி கடைசி நேரத்தில் கைவிரித்தபோது, ‘ஹேவ் ஐ காட் நியூஸ் ஃபார் யூ’ நையாண்டி நிகழ்ச்சிக் குழுவினர் அவருடைய இடத்தில் ஒரு டப்பா பன்றிக்கொழுப்பை வைத்து நிகழ்ச்சியை நடத்தி முடித்தார்கள். (டப்பா சோபிக்காமற் போகவில்லை.)

ஆனால் நம்மவர் ஊன்றிக் கவனிக்கத்தக்கது 2008-இல் பின்னிரவு நிகழ்ச்சி நடத்துநர் டேவிட் லெட்டர்மன் செய்தது. பொருளாதார நெருக்கடியைக் காரணங்காட்டி, உடனே வாஷிங்டன் திரும்புவதாகச் சொல்லி அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் செப்டம்பர் 24 அன்று வரவை ரத்துச் செய்தார். ஒளிப்பதிவு நடந்துகொண்டிருக்கையிலேயே, லெட்டர்மனின் நிகழ்ச்சியை ஒளிபரப்பிய அதே நிறுவனத்தின் செய்திப் பிரிவில் கேட்டி கூரிக்குக்குப் பேட்டியளிக்க அவர் முகப்பூச்சுக்கு அமர்ந்திருந்த காட்சி நிறுவனத்தின் உள் ஒளிபரப்பு வழியே கிடைக்க, அவர் அதைப் பார்வையாளருக்கே காட்டி, விமான நிலையத்துக்கு வண்டி வேண்டுமா என்று திரையை நோக்கிக் கூவினார். அக்டோபர் 16 அன்று மெக்கெய்ன் நேரில் வந்து, தவறிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டதும் அரங்கம் சிரித்தது. வேறொருவராயின் அந்தச் சிரிப்போடு சமாதானமாகியிருப்பார்.

லெட்டர்மன் ஆகவில்லை. எதிர்வேட்பாளர் ஒபாமாவுக்குப் பழைய தீவிரவாதி ஒருவரோடு பழக்கம் உண்டென்று மெக்கெய்ன் தரப்பு பிரசாரம் செய்துவந்த சமயம் அது. வாட்டர்கேட் வழக்கில் சிறை சென்ற கார்டன் லிட்டியோடு உமக்கு உறவில்லையா என்று இவர் கேட்டார். சந்தித்திருக்கிறேன் என்று மெக்கெய்ன் மழுப்பினார். அவர் வீட்டில் உமக்காக நிதி திரட்டும் விருந்து நடக்கவில்லையா என்று அடுத்த கேள்வி வந்தது. லிட்டியைத் தெரியும், அவர் தண்டனையை அனுபவித்துவிட்டார் என்று மெக்கெய்ன் சொல்லவேண்டியதாயிற்று.

முதற்கேள்வி எதுவென்பதை, ஒளிப்பதிவுக்கு முன் உதவித் தயாரிப்பாளர் தொலைபேசியில் நடத்தும் முன்பேச்சிலேயே விருந்தினரின் ஆட்கள் ஊகித்துக்கொள்கிறார்கள். அதற்கேற்ற ஹாஸ்யத்தையும் எழுதிவாங்கிக்கொண்டே வருகிறார்கள். ஆகையால் அரசியல்வாதி வரும் நாளில், நடத்துநரின் கையிலுள்ள அட்டையில் நகைச்சுவை வரிகளைக் குறைத்து, தேதியும் இடமும் சரிபார்த்த இரண்டாவது கேள்வியை எழுதித்தரும் ஆராய்ச்சியாளரை ஒப்பனை அறைக்கு அருகிலேயே உட்காரவைக்கும்படி தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.