கறுத்த தோலுக்கும் காப்பு வேண்டும்



சென்ற கோடையில் எம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் என்னைக் காண வந்தார். ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் சுமந்து, தெருத்தெருவாய் விற்றுப் பிழைப்பவர். அவருடைய இரு கன்னங்களிலும் மங்கு படர்ந்திருந்தது. "சாமி, ஆஸ்பத்திரியிலே வெயிலுக்குப் பூசுற களிம்பு எழுதிக் கொடுத்திருக்காங்க. விலை கூடுதலா இருக்கு. எனக்கு இது வேணுமா?" என்று வினவினார். நானோ சற்றும் தயங்காமல், "அதெல்லாம் வெள்ளைக்காரருக்கம்மா, கறுத்த தோலுள்ள நமக்கு எதற்கு?" என்று சிரித்துக்கொண்டே கூறி அனுப்பிவிட்டேன்.

சில திங்கள் கழித்து அவரை மீண்டும் கண்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மங்கு நெற்றிவரை ஏறியிருந்தது. அக்கம்பக்கத்தார் சொற்கேட்டு, முகத்தை வெளுக்கச் செய்யும் களிம்பொன்றைக் கடையில் வாங்கிப் பூசியிருக்கிறார். முதலில் முகம் தெளிந்தது. பின்னர் தோல் மெலிந்து, சிவந்து, எரியத் தொடங்கியது. அதில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருந்ததாக மருத்துவர் கூறினாராம். முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்ற அவர்முன் வெட்கி நின்றவன் நானே. அறியாத ஒன்றை அறிந்தவன்போல் சொல்லிவிட்டேனே! அதன்பின் மருத்துவரிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

நம் தோலுக்குக் கருமை தருவது மெலனின் என்னும் நிறமி. கதிரவனின் புற ஊதாக் கதிர்களில் ஒரு பகுதியை அது தடுத்துவிடுகிறது என்பது உண்மையே. ஆயினும் எவ்வளவு தடுக்கிறது? 1979-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, கறுப்பின மக்களின் மேல்தோல் தரும் காப்பை ஏறத்தாழ 13 என்றும், வெள்ளையரின் மேல்தோல் தருவதை ஏறத்தாழ 3 என்றும் கணக்கிட்டது. தோல் மருத்துவர்கள் பரிந்துரைக்கும் சன்ஸ்கிரீன் களிம்பின் காப்பு எண்ணோ 30-ம் அதற்கு மேலும். நம்மிடம் குடை உண்டு. ஆனால் அது சிறு குடை.

அன்றியும், வெயிற்புண் நம்மவர்க்கும் உண்டாகிறது; கருமையில் சிவப்புத் தெரிவதில்லை, அவ்வளவே. கறுத்த தோல் எளிதில் திட்டுத் திட்டாய்க் கருக்கும் இயல்புடையது. மங்கு உள்ளவர்க்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியே அதை மிகுவிக்கக்கூடும். ஆதலால் அன்னார்க்கு இரும்பு ஆக்சைடு சேர்ந்த, நிறமூட்டிய களிம்பு நல்லது என்கின்றனர். லூபஸ் நோயுள்ளவர்களுக்கும், டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளை உட்கொள்வோர்க்கும் வெயில் இன்னும் கொடியது.

புற்றுநோய் வருமோ என்று கேட்பீர்கள். கறுத்த தோலுடையோர்க்குத் தோற்புற்று அரிது, ஆனால் வராமலில்லை. ஜமைக்காவின் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லி, கால்விரல் நகத்தடியில் தோன்றிய மெலனோமா என்னும் புற்றினால் 1981-இல், தம் 36-ஆம் வயதில் இறந்தார். அவ்வகைப் புற்று வெயிலால் வருவதாகக் கருதப்படுவதில்லை. களிம்பு அவரைக் காத்திராது. எனவே, உள்ளங்காலிலோ நகத்தடியிலோ புதிய கரும்புள்ளி தோன்றி வளர்ந்தால் காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆஸ்திரேலியாவின் நாம்பூர் என்னும் ஊரில் 1992-இல் 1,621 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. நாள்தோறும் களிம்பு பூசியவர்களிடையே மெலனோமா ஏறத்தாழப் பாதியாய்க் குறைந்ததென 2011-இல் அறிவித்தனர். அவர்கள் வெள்ளைத் தோலினர். அக்கணக்கை அப்படியே நமக்குப் பொருத்துதல் முறையன்று. நமக்கு முதன்மையான பயன், மங்கும் கருந்திட்டும் மிகாமல் தடுப்பதே.

ஆயினும் நம்மிடையே ஒரு சாராருக்கு இக்களிம்பு உயிர்க்காப்பாகும். கறுத்த பெற்றோர்க்கும் வெண்மையாய்ப் பிறக்கும் அல்பினிசம் உடைய பிள்ளைகளுக்கு மெலனின் மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை. இளவயதிலேயே தோற்புற்று அவர்களைத் தாக்கக்கூடும். தான்சானியா நாட்டின் மோஷி நகரில், கிளிமஞ்சாரோ கிறிஸ்தவ மருத்துவ மையத்தில் அத்தகையோர்க்கென்றே 'கிலிசன்' என்னும் களிம்பைத் தயாரிக்கின்றனர்.

களிம்பு வாங்குவோர், காப்பு எண் 30-க்குக் குறையாததாய், புற ஊதா ஏ, பி ஆகிய இருவகைக் கதிர்களையும் தடுப்பதாய்ப் பார்த்து வாங்குக. முகத்திற்கும் கழுத்திற்கும் இரு விரல் நீளம் எடுத்து, வெளியே செல்லக் கால்மணி நேரம் முன்பே பூசுக. வியர்வையில் கரைவதால் இரண்டு மணிக்கொருமுறை மீண்டும் பூசுக. ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குக் களிம்பைவிட நிழலே ஏற்றது. வாங்க வசதியில்லாதவர்க்குக் குடையும், தொப்பியும், முழுக்கைச் சட்டையும் பெருந்துணை. வசதியுள்ளவரும் அவற்றை விடலாகாது.

ஒன்றை மறவாதீர். சன்ஸ்கிரீன் தோலை வெளுக்கச் செய்வதற்கன்று. உள்ள தோலைக் காப்பதற்கு. கறுப்பு நோயன்று, அதை மாற்ற மருந்தும் வேண்டா. "வெள்ளையாக்கும்" என்று விற்பதை வாங்கி, காக்க வேண்டிய தோலைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்தத் தாயிடம் சென்று, "நான் சொன்னது தவறம்மா" என்றேன். "நீங்க என்ன செய்வீங்க சாமி, எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க" என்றார். இப்போது ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்ததைப் பூசுகிறார்; கூடைக்குக் கீழே அகலமான பனையோலைத் தொப்பியும் அணிகிறார். மங்கு மெல்லக் குறைகிறது. "எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க" என்ற அச்சொல்தான் என்னை இன்னும் உறுத்துகிறது. இனி நம் வீடுகளில் யாரேனும் அப்படிச் சொன்னால், நீங்களாவது திருத்துங்கள்.