பிள்ளை நலம்: வயிற்றுவலி எல்லாம் ஒவ்வாமையா?

திகனையிலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். ஏழு வயது மகளுக்குப் பால், முட்டை, இறால், கச்சான் நான்கும் ஒத்துக்கொள்ளாது. மூன்று மாதமாகத் தொப்புளைச் சுற்றி வலி என்கிறாள். தாய் முதலில் மாட்டிறைச்சியை நிறுத்தினார், பிறகு கோதுமை மாவை, பிறகு மீனை. வலி நிற்கவில்லை, பிள்ளைதான் மெலிந்துவிட்டாள். "இனி எதைத்தான் கொடுப்பது?" என்று கேட்கிறார்.

சகோதரி, உங்கள் கலக்கம் புரிகிறது. ஆனால் ஒவ்வாமையுள்ள பிள்ளைக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு வரும் வயிற்றுவலி வரும். மலச்சிக்கல், பூச்சி, சிறுநீர்த் தொற்று, பாடசாலையில் ஏதோ ஒரு பயம் எதுவும் காரணமாகலாம். பாடசாலை மலசலகூடத்துக்குப் போகாமல் அடக்கி வைக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்!

இரண்டு வாரத்துக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்கு வலி வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, மலம் எப்படிப் போனது. விடுமுறை நாட்களில் வலி வருகிறதா என்றும் பாருங்கள். நிறை குறைந்திருப்பதால் கொப்பி முடியும்வரை காத்திருக்காமல் தெல்தெனிய ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள்.

வைத்தியர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, தேவைக்கேற்பச் சிறுநீர், மலம், இரத்தம் பரிசோதிப்பார். கோதுமையை நிறுத்தியதைக் கட்டாயம் சொல்லுங்கள். கோதுமையால் குடல் பாதிக்கப்படும் நோய்க்கான பரிசோதனை, அதைச் சாப்பிட்டு வரும் பிள்ளையிடம்தான் சரியாகத் தெரியும். தோலில் குத்திப் பார்க்கும் சோதனையில் தடித்தாலும், அந்த உணவுதான் வலிக்குக் காரணம் என்று முடிவாகாது. உணவு தொண்டையில் சிக்குவதாகச் சொன்னால் உணவுக்குழாயைக் கமராக் குழாயால் பார்க்க வேண்டியும் வரலாம். ஒவ்வாமையால் அங்கும் அழற்சி உண்டாவதுண்டு.

நிறுத்திய உணவை நீங்களாகவே மீண்டும் கொடுத்துப் பார்க்க வேண்டாம். எதை எப்போது, எவ்வளவு என்று வைத்தியர் சொல்லட்டும்.

இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, மலத்தில் இரத்தம், பச்சை நிற வாந்தி, வலப்பக்க அடிவயிற்றில் கூடிக்கொண்டே போகும் வலி இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள்.

இன்னொன்றையும் வீட்டில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். ஏதாவது சாப்பிட்டபின் திடீர் வயிற்றுவலியும் வாந்தியும் வந்து, கூடவே உடம்பில் தடிப்பு, இருமல், மூச்சிழுப்பு, மயக்கம் ஏதும் கண்டால் அது ஆபத்தான ஒவ்வாமை. பாணி மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. நடக்க விடாமல் படுக்க வையுங்கள். மூச்சுவிடக் கஷ்டப்பட்டால் சாய்ந்து உட்காரட்டும். உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், கட்டணம் இல்லை. அட்ரினலின் ஊசிதான் அதற்கு முதல் மருந்து.

சகோதரி, அடுத்த உணவை நிறுத்துமுன் மகளை வைத்தியரிடம் காட்டுங்கள். வளரும் வயதில் அவளுக்குச் சாப்பாடு வேண்டும்.