‘எனக்கு இதுவும் வராது’



சென்ற மாதம் நுண்கடன் தவணைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு எங்கள் வியாழக்கிழமைக் கூட்டத்தில் ஒரு ராத்தா, "எப்பவும் கஷ்டத்தையே எழுதுறீங்க மிஸ், மனசு ஆறுற மாதிரி ஒண்டு எழுதுங்களேன்" என்று கேட்டார். மனசு ஆறட்டும் என்று நான் ஒரு விளையாட்டைத் தொடங்கி, அதுவே என் நித்திரையைக் கெடுத்த கதையை இம்முறை எழுதுகிறேன். கைத்தொலைபேசியில் விளையாடும் சதுரங்கம், அதாவது செஸ். சிரிக்க வேண்டாம். முதலில் நானும் சிரித்தவள்தான்.

என் மகனுக்குப் பதினொரு வயது. பாடசாலையில் செஸ் பழகிக்கொண்டு வந்தவனுக்கு வீட்டில் எதிரே இருந்து விளையாட ஆள் இல்லை. 2025ஆம் ஆண்டு நடுப்பகுதியில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எனக்குக் காய்கள் நகரும் விதத்தைச் சொல்லித் தந்தான். குதிரை மட்டும் பிடிபடவே இல்லை. இரண்டு வாரத்தில் அவனுக்கு என்னோடு விளையாடுவது அலுத்துவிட்டது. "உம்மா, நீங்க போன்ல வேற ஆக்களோட விளையாடிப் பழகிட்டு வாங்க" என்றான். லீசெஸ் என்ற செயலியை அவனே இறக்கித் தந்தான். 2010இல் பிரான்சில் தொடங்கப்பட்டது. காசு இல்லை, விளம்பரமும் இல்லை. டேட்டாவும் அதிகம் தின்னாது.

முதல் ஆட்டத்தில் நான்கே நகர்வில் தோற்றேன். எதிராளி மந்திரியையும் ராணியையும் வெளியே எடுத்து, என் ராஜாவைத் தவிர வேறு எந்தக் காயும் காவல் இல்லாத ஒரு சிப்பாயை ராணியால் வெட்டினார். அவ்வளவுதான், ராஜா அகப்பட்டுவிட்டது. புதிதாக வருகிறவர்களைப் பிடிக்க எல்லோரும் வைக்கும் பொறி அது என்று எனக்குத் தெரியாது. அதே பொறியில் அந்தக் கிழமை மூன்று தடவை விழுந்தேன்.

அடுத்தது இந்தப் புள்ளி விவகாரம். அந்தச் செயலியில் புதிதாகச் சேரும் எவருக்கும் தொடக்கத்தில் 1500 புள்ளி போட்டிருப்பார்கள். ஆள் யாரென்று இன்னும் தெரியாது என்பதற்கு அடையாளமாகப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி நிற்கும். தோற்கத் தோற்க அது கிணற்று வாளி மாதிரி இறங்கும். பத்து நாளில் 900க்கும் கீழே வந்துவிட்டேன். ஆட்டக்காரரை எண்ணால் அளக்கும் முறைக்குப் பேர்போனவர் ஹங்கேரியில் பிறந்த அமெரிக்கப் பௌதிகவியல் பேராசிரியர் ஆர்பாட் ஈலோ. அவருடைய முறையைச் சர்வதேச செஸ் சம்மேளனம் 1970இல் ஏற்றுக்கொண்டது. இருவர் மோதினால் யார் வெல்லக்கூடும் என்று கணிப்பதற்கான எண் அது. ஆளின் பெறுமதியைச் சொல்லும் எண் அல்ல. ஆனால் நிவாரணப் பட்டியல், பயனாளிப் பட்டியல், அஸ்வெசும விவரத்திரட்டு என்று எண்ணாலும் தரத்தாலும் பிரிக்கப்பட்டே பழகிய நமக்கு எந்த எண்ணைக் கண்டாலும் அது நம்மைப் பற்றிய தீர்ப்பு மாதிரித்தான் தெரிகிறது. சமூகவியல் படித்த எனக்கே அப்படித் தெரிந்தது.

மற்றொரு நாள் எதிராளியிடம் தனி ராஜா மட்டும் மிச்சம். என்னிடம் ராணியும் இரண்டு சிப்பாய்களும் இருந்தன. வென்றுவிட்டேன் என்று நினைத்து ராணியை ஒரு கட்டம் நகர்த்தினேன். "சமநிலை" என்று திரை சொன்னது. ராஜாவுக்கு நேரடித் தாக்குதல் இல்லாமல், ஆனால் போவதற்கு ஒரு கட்டமும் இல்லாமல் முடக்கிவிட்டால் ஆட்டம் சமநிலையாம். மகனை எழுப்பிக் கேட்டேன். "அது தெரியாதா உம்மா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

இதுவரை எல்லாம் சிரிப்புக்கான கதை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. அதன் பிறகான வாரங்களில் நிவாரண வேலை எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாள் முழுவதும் படிவம் நிரப்புவது, பேர் விடுபட்டவர்களின் ஏச்சு, பேர் வந்தவர்களைப் பற்றிய முறைப்பாடு. இரவு பத்தரைக்குப் படுக்கைக்கு வந்து, நித்திரை வராமல் போனை எடுப்பேன். ஒரு ஆட்டம் தோற்றால், அந்தத் தோல்வியோடு படுக்க மனம் வராமல் இன்னொன்று. அதையும் தோற்றால் மூன்றாவது. மூன்று நிமிட ஆட்டங்கள் என்பதால் ஒரு மணித்தியாலத்துக்குள் எட்டு ஒன்பது தடவை தோற்கலாம். களைத்த மூளை எதையும் பார்க்காது. ராணி வெட்டுப்படும் இடத்தில் நானே கொண்டுபோய் வைப்பேன். காலையில் கண் எரியும். ஒரு நாள் மகன் சப்பாத்தைக் காணவில்லை என்று கேட்டதற்கு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினேன். அவன் ஒன்றும் பேசாமல் செருப்போடு பாடசாலைக்குப் போனான். அன்று போனிலிருந்து அந்தச் செயலியை அழித்தேன். இரவு மறுபடி இறக்கினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது எழுத.

இந்த வேளையில்தான் எங்கள் கூட்டத்துக்கு வரும் ஓர் இளம் தாய் தனக்கும் செஸ் சொல்லித் தரும்படி கேட்டார். கணவர் வெளிநாட்டில். பகலில் வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை. கூட்டம் முடிந்த பிறகு பாயில் போனை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இருந்தோம். கொம்பியூட்டரோடு மிகச் சுலபமான நிலையில் விளையாட விட்டேன். முதல் ஆட்டம் தோற்றார். இரண்டாவதும் தோற்றார். மூன்றாவதில் பாதியிலேயே போனை என் பக்கம் தள்ளிவிட்டு, "விடுங்க மிஸ், எனக்கு இதுவும் வராது" என்றார்.

'இதுவும்' என்ற அந்தச் சொல் என்னை விடவில்லை. செஸ் வராது என்று அவர் சொல்லவில்லை. சாதாரண தரப் பரீட்சை, தையல் வகுப்பு, பாதியில் நின்ற கோழி வளர்ப்பு எல்லாவற்றையும் அந்த உம்முக்குள் அடுக்கி வைத்திருந்தார். சிப்பாயை இழந்ததற்கு யாரும் அழமாட்டார்கள். நானும் இரவில் போனைத் தலையணைக்கு அடியில் எறிந்தபோது அதே சொல்லைத்தான் வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் இழப்பு என்றால் அது திரும்பி வராதது. 1990 ஒக்டோபர் இறுதியில் மன்னார்த் தீவிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியபோது என் உம்மாவின் இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளையாக நான். வீடு, தையல் மெசின், ஆடுகள் எல்லாம் அங்கே. அடுத்த ஆட்டத்தில் காய்களைத் திரும்ப அடுக்கிவைக்கும் வசதி அந்தத் தலைமுறைக்குக் கிடைக்கவில்லை. 'ஒன்றையும் விட்டுவிடாதே' என்ற பயத்தில் வளர்ந்த பிள்ளைகள் நாம். தோற்றால் ஒன்றும் ஆகாது என்பது நம் கைக்குப் பழக்கமில்லாத பாடம். "தோல்வியே வெற்றியின் முதற்படி" என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருவதும் இதனால்தான். நம் பெண்கள் ஏறிய படிகளை யார் எண்ணிப் பார்த்தார்கள்?

நான் படித்த ஒன்று அப்போது ஞாபகம் வந்தது. 1974இல் ஹெர்பர்ட் ஃபிரொய்டன்பேர்கர் என்ற உளவியலாளர், நியூயோர்க்கில் ஓர் இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டு செய்தவர்களிடம் கண்ட ஒரு நிலையைப் பற்றி எழுதினார். ஆர்வத்தோடு வந்தவர்கள் சில காலத்தில் உள்ளுக்குள் எரிந்து தீர்ந்துபோனார்கள். எரிச்சல், நித்திரையின்மை, யாரைக் கண்டாலும் சலிப்பு. நம் பேச்சில் சொன்னால், தண்ணீர் வற்றிய பிறகும் அடுப்பிலே இருந்த பானை மாதிரி அடிப்பிடித்துப் போதல். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை நோய் என்று சொல்லாமல், வேலைத்தலத்தோடு சேர்ந்த நிலை என்று வகைப்படுத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையும் பராமரிப்பும் அந்த வகைப்படுத்தலில் இல்லை என்பது என் மனத்தாங்கல், அது இருக்கட்டும். எனக்கு உதவியது 'வேலை' என்ற அந்தச் சொல். நான் செஸ்ஸால் களைக்கவில்லை. படிவங்களாலும் ஏச்சாலும் ஏற்கெனவே அடிப்பிடித்துப் போயிருந்தேன். பகலில் யாரிடமும் வெல்ல முடியாததை இரவில் முகம் தெரியாத ஒருவரிடம் வெல்லப் பார்த்தேன். பழி மட்டும் விளையாட்டின் மேல் விழுந்தது.

சென்னையின் வைஷாலியை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். சிறு வயதில் தொலைக்காட்சி பார்ப்பதைக் குறைப்பதற்காக வீட்டார் செஸ் வகுப்புக்கு அனுப்பிய பிள்ளை. அக்காவைப் பார்த்து விளையாட வந்தவர்தான் தம்பி பிரக்ஞானந்தா. 2023 டிசெம்பரில் வைஷாலி கிராண்ட்மாஸ்டர் நிலையை எட்டியபோது, உலகிலேயே அந்தப் பட்டத்துக்கு வந்த முதலாவது அக்கா தம்பி ஆனார்கள். அப்படிப்பட்டவர் 2025 ஓகஸ்டில் தன் சொந்த நகரமான சென்னையில் நடந்த போட்டியில் தொடர்ச்சியாக ஏழு ஆட்டங்களைத் தோற்றார். அடுத்த மாதம் உஸ்பெகிஸ்தானின் சமர்கண்டில் நடக்கவிருந்த கிராண்ட் சுவிஸ் போட்டிக்குப் போகாமலே விட்டுவிடலாமா என்று யோசித்திருக்கிறார். கூட இருந்தவர்கள் பேசித் தேற்றினார்கள். போனார், முதலிடம் பெற்றார்.

ஏழு தோற்றால் எட்டாவதில் வெல்லலாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. சீனாவின் டிங் லிரென் 2023இல் உலக சம்பியனான பிறகு மன அழுத்தத்தால் பல மாதம் ஆட்டத்திலிருந்து ஒதுங்கினார், அதை வெளிப்படையாகவும் சொன்னார். 2024 டிசெம்பரில் சிங்கப்பூரில் குகேஷிடம் பட்டத்தை இழந்தாலும், கடைசியான 14ஆவது ஆட்டம் வரை சமமாகவே நின்றார். ஒருவர் ஓய்வெடுத்தார், மற்றவர் பேச ஆள் தேடினார். இரவு பன்னிரண்டு மணிக்கு எனக்கு ஓய்வும் இல்லை, பேச ஆளும் இல்லை. இல்லாதது அதுதான் என்று விளங்கியதும் கொஞ்சம் இலகுவானது.

முதலில் மேலதிகாரியிடம் போய், வாரத்தில் ஒரு நாளாவது படிவ வேலை இல்லாமல் வேண்டும் என்று கேட்டேன். இரண்டு தடவை கேட்டபிறகு அரை நாள் கிடைத்தது. இதை எழுதாமல் செஸ் பற்றிய யோசனைகளை மட்டும் சொன்னால் நான் உங்களை ஏமாற்றுவதாகும்.

பிறகு விளையாட்டுக்கு வந்தேன். அந்தச் செயலியிலேயே புள்ளிகளை மறைத்துவிடும் வசதி இருக்கிறது, மகன் கண்டுபிடித்துத் தந்தான். எண் கண்ணில் படாதபோது கை நடுங்குவதில்லை. பிள்ளைகளுக்கான நிலைக்கு மாற்றிவிட்டால் முன்பின் தெரியாதவர்கள் செய்தி அனுப்பவும் முடியாது. இது பெண் பிள்ளைகளின் தாய்மார் தெரிந்துவைக்க வேண்டியது. மூன்று நிமிட ஆட்டங்களை விட்டேன். இரண்டு தோற்றால் அன்றைக்குப் போதும். மகனின் பழைய கொப்பி ஒன்றில் தோற்ற காரணத்தை ஒரு வரியில் எழுதுகிறேன். இருபது பக்கம் எழுதிய பிறகு பார்த்தால் பெரும்பாலும் ஒரே வரி: 'எதிராளி கடைசியாக என்ன நகர்த்தினார் என்று பார்க்கவில்லை.' பன்னிரண்டு குற்றம் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன். உண்மையில் ஒன்றைத்தான் பன்னிரண்டு தடவை செய்திருக்கிறேன். கத்திய அன்றைக்கு மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். "சப்பாத்து கட்டிலுக்குக் கீழதான் கிடந்தது உம்மா" என்றான்.

இன்னொரு வகை ஆட்டமும் அதில் இருக்கிறது. கடிதம் போடுவது போல, ஒரு நகர்வுக்கு ஒரு நாளோ பல நாளோ எடுக்கலாம். வெங்காயத் தோட்டத்துச் சகோதரியிடம் இதைச் சொன்னேன். "மூணு நாள் யோசிக்கலாமா?" என்று கேட்டார். யோசிக்கலாம், போனை மூடிவைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம், சிக்னல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றேன். "அப்ப பாப்பம்" என்றார்.

எங்கள் ஆட்டம் தொடங்கி ஐந்து கிழமையாகிறது. இன்னும் இருபதாவது நகர்வுக்கு வரவில்லை. சில நாட்களில் பகல் சாப்பாட்டு நேரத்தில், சில நாட்களில் பிள்ளை தூங்கிய பிறகு அவருடைய நகர்வு வருகிறது. போன செவ்வாய்க்கிழமை நான் பஸ்ஸுக்குக் காத்துநின்றபோது போன் ஒரு தரம் ஒலித்தது. திறந்து பார்த்தேன். என் குதிரையை வெட்டியிருந்தார்.