பூக்காரம்மா அடிப்பது கொள்ளையா? கணக்குப் போடுவோம்

அன்பு மாணவர்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும்,

ஆயுத பூஜை, பொங்கல் வந்தால் போதும், நம் ஆட்களிடமிருந்து ஒரே புலம்பல்: "மயிலாப்பூர் மாட வீதியில் பூ விலை பகல் கொள்ளை!" என்னிடம் நிகழ்தகவு படித்தவர்களும் இப்படி எழுதினால் நான் எப்படிச் சும்மா இருப்பது?

எண்களை வசதிக்காக நானே வைத்துக்கொள்கிறேன். ஒரு முழம் மல்லி அடக்கவிலை 40 ரூபாய், விற்பது 60. விற்றால் 20 லாபம். விற்காவிட்டால் 40 போச்சு. கட்டிய மல்லி மறுநாள் பழுப்பேறிவிடும். ஆகவே, இன்னும் ஒரு முழம் கூடுதலாக வாங்க வேண்டுமானால், அது விற்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பாவது இருக்க வேண்டும். நீங்கள் பேரம் பேசி 50 ஆக்கினால், ஐந்தில் நான்கு பங்கு வேண்டும். அவர் குறைவாகத்தான் வாங்கி வருவார். "ஏழு மணிக்கே பூ தீர்ந்துபோச்சு" என்று அலுத்துக்கொள்வதும் நீங்களேதான்.

பண்டிகைக்கு வருவோம். மார்கழி, தைப் பனியில் மல்லி வரத்து குறையும். தை பிறந்தால் பொங்கல், முகூர்த்தம் என்று தேவை ஏறும். கோயம்பேட்டிலேயே விலை எகிறிவிடும். 100க்கு வாங்கி 150க்கு விற்கிறார் என்று வையுங்கள். விகிதம் பழையதுதான்: அதே மூன்றில் இரண்டு. ஆனால் முழம் ஒன்று வாடினால் போவது 100 ரூபாய். தண்டல் வாங்கி முதல் போட்டவருக்கு அது சின்னத் தொகையா?

இதற்கு நிர்வாகவியலில் 'நாளிதழ் விற்பவர் கணக்கு' என்று பெயர். 1888-லேயே எட்ஜ்வொர்த் வங்கியின் ரொக்கக் கையிருப்புக்கு இதே வகைக் கணக்கைப் போட்டார். தி. நகர் சூப்பர் மார்க்கெட்காரர் இதைக் கணினியில் போட்டால் திறமை, நடைபாதையில் ஒரு அம்மா மனக்கணக்காகப் போட்டால் கொள்ளையா? அங்கே ஒட்டிய விலையை வாய் திறக்காமல் கொடுக்கிறீர்களே!

விலை குறைய வேண்டுமா? வழி இருக்கிறது. இரண்டு நாள் முன்பே போய், "எனக்குப் பத்து முழம்" என்று சொல்லி முழுப் பணத்தையும் கொடுத்துவிடுங்கள். அந்தப் பத்து முழத்துக்கு விற்காமல் போகும் பயமே கிடையாது. அப்போது பத்து ரூபாய் குறைத்துக் கேளுங்கள், நியாயம் உண்டு. வாடுகிற நஷ்டம் முழுவதையும் அவர் தலையில் கட்டிவிட்டு, கடைசி நேரத்தில் போய்ப் பேரம் பேசுவதற்குப் பெயர் சிக்கனம் அல்ல.

உங்கள் கணக்கு வாத்தியார்.